இருளப்பனை யார் கூப்பிட்டது

மேடம் இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜெபராணி என் பக்கம் திரும்பியிருப்பாள். அவள் திரும்பவில்லை. ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டுக்கொண்டிருக்கிறாள், நாக்கு நுனியைக் கடித்தபடி, உலகமே அந்தக் கோடு நேராக விழுவதில்தான் இருக்கிறது என்பது போல. முன் பெஞ்சிலும் ஒரு தலைகூட அசையவில்லை. ஆகவே இப்போது என் காதில் விழுந்தது மேடம் இல்லை. தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் சுழற்றி இதையெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் நெஞ்சு ஒரு குதி குதித்து அடங்குகிறது. இதுதான் என் பரிசோதனை. சத்தம் கேட்டதும் திரும்பக் கூடாது, மற்றவர்கள் திரும்புகிறார்களா என்று பார்க்க வேண்டும். எம்.எஸ்ஸி. உளவியல் இரண்டாம் வருடம் படிக்கிறவளுக்கு இவ்வளவுகூடத் தெரியாவிட்டால் எப்படி. மத்தியானச் சாப்பாடு முடிந்த வகுப்பு, யாரோ திறந்து மூடிய டிபன் பாக்ஸின் புளியோதரை வாசம் இன்னும் போகவில்லை, மேலே ஃபேன் சுற்றுகிறதே தவிரக் காற்று வரவில்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகுகிறது, அந்த முனகலுக்குள்ளிருந்துதான் வந்ததோ. ஃபேன் சத்தத்தில் பெயர் கேட்பது எல்லாருக்கும் உண்டு, புத்தகத்திலேயே இருக்கிறது. இருக்கிறதா, நானாகச் சொல்லிக்கொள்கிறேனா. இன்று மனக்கோளாறுகளைப் பற்றிய அப்நார்மல் சைக்காலஜி பேப்பருக்கு செமினார். ஆளுக்கொரு சினிமாப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அவர் நம்மிடம் வந்த நோயாளி என்று வைத்து, என்ன கோளாறு, எப்போது ஆரம்பித்தது, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா, இனி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். வசுமதி மேடம் வரிசைப்படி கூப்பிடமாட்டார். வரிசை தெரிந்தால் கடைசி ஆள் அன்று காலையில்தான் எழுத உட்காருவான் என்பது அவர் கட்சி. கண்ணில் பட்ட பெயரைக் கூப்பிடுவார், ரெண்டு தடவை. ரெண்டாவதற்கும் எழுந்திருக்கவில்லையென்றால் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு, அடுத்த பெயர். எல்லாருக்கும் பயம், எப்போது கூப்பிடுவாரோ என்று. எனக்குப் பயம், கூப்பிட்டால் அது அவர்தான் என்று எனக்குத் தெரியுமா என்று.

முன்னால் இசக்கிராஜா தன் கதாநாயகனை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு பெண்ணைப் பார்த்த நாளிலிருந்து அவள் ஏறுகிற பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் போகிறவன், அவள் முறைத்தால் அதையும் காதல் என்று எடுத்துக்கொள்கிறவன். இது காதல் இல்லை, அவள் தன்னைக் காதலிக்கிறாள் என்ற மாறாத பொய் நம்பிக்கை, இதற்கு ஒரு பெயர் உண்டு என்று போர்டில் எழுதுகிறான். பின் பெஞ்சிலிருந்து "ஏலே, எங்க ஆளயே லூசுங்கியா நீ?" என்று ஒரு குரல். வகுப்பு சிரிக்கிறது. "இந்த ரூமுக்குள்ள லூசு, பைத்தியம் எதுவும் வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்" என்கிறார் மேடம். அவர் சொன்னது வார்த்தையை, ஆளை இல்லை. எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. துப்பட்டாவில் துடைத்துக்கொள்கிறேன், மறுபடி வேர்க்கிறது. சங்கவி என்பது என் சர்டிபிகேட்டில் இருக்கிற பெயர். வீட்டில் நான் பேச்சி. குலதெய்வத்தின் பெயரை வைக்காவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளும், அதையே பள்ளிக்கூடத்தில் கொடுத்தால் பிள்ளைகள் கேலி செய்யும், அதனால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான், வீட்டுக்கொன்று வெளிக்கொன்று. காலேஜில் ஈ காக்காய்க்குக்கூடப் பேச்சி தெரியாது. முதலில் கேட்டதெல்லாம் பேச்சி என்றுதான். ஹாஸ்டலில் குழாயைத் திறந்தால், பேச்சி. மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது பின் கழுத்துக்குப் பக்கத்தில், பேச்சி. பெண் குரலா ஆண் குரலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெரிந்த ஆள் அவசரமாகக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும், அடுப்பில் பால் பொங்குகிறது ஓடி வா என்கிற மாதிரி. அப்போதெல்லாம் எனக்கு இவ்வளவு பயமில்லை. பேச்சி என்று கூப்பிட இங்கே ஆள் கிடையாது, ஆகவே அது உள்ளேயிருந்து வருகிறது, ஆகவே பொய் என்று வேலி போட்டு வைத்திருந்தேன். இந்த வாரம் அது சங்கவி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. எப்படித் தெரிந்துகொண்டது. நான்தானே அது, எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரியத்தானே செய்யும். இந்த நினைப்பு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுகிறேன்.

எங்கள் பக்கம் யாராவது கூப்பிட்டால் "ஏன்" என்று கேட்போம். இதோ இருக்கிறேன் என்று அர்த்தம். அதையும் சும்மா கேட்டுவிடக் கூடாது என்பாள் அம்மா. "ஏட்டி பேச்சி, யாரு கூப்புட்டாலும் ஒடனே ஏன்னு கேட்டுராத. மூணு மட்டம் கூப்புடட்டும். பேயி ரெண்டு மட்டந்தான் கூப்புடும். மூணாவது மட்டமும் வந்து நின்னு கூப்புடுதது மனுசந்தான்." ஊரில் எல்லா அம்மாக்களும் சொல்கிறதுதான். ஆனால் என் அம்மா சொல்லும்போது குரல் இறங்கிப் போகும், ஏனென்றால் சுடலைமுத்து மாமா அவளுடைய கூடப்பிறந்த தம்பி. மாமா முதல் தடவையிலேயே ஏன் என்று கேட்கிற ஆள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எச்சில் கையோடு எழுந்து வாசலுக்குப் போய் "யாரு, என்ன வேணும்?" என்பார். தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள். இருந்தால் இன்னும் மோசம். தெருப் பிள்ளைகள் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வேண்டுமென்றே கூப்பிடுவார்கள், மாமா வருவார், அவர்கள் சிரிப்பார்கள், மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், கோயிலில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். ஆஸ்பத்திரி என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வரவில்லை, வந்தால் அந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள். ஒருநாள் உச்சி வெயிலில் "இந்தா வாரேன்" என்று யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு செருப்பில்லாமல் இறங்கிப் போனார். போனவர் போனவர்தான். மாமா படத்துக்கு மாலை போடவும் முடியாமல் போடாமல் இருக்கவும் முடியாமல் அம்மா அதைப் பீரோவுக்குள் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள். எனக்கு மாமாவின் மூக்கு என்று சொல்வார்கள். மூக்கோடு நின்றதா என்று யாரிடம் கேட்பது.

அதனால்தான் இருளப்பனை எடுத்தேன். எத்தனையோ பேர் இருக்க இவனை ஏன் எடுத்தாய் என்று ஜெபராணி கேட்டாள், காமெடி பீஸ்ல்லா ட்டி அவன் என்றாள். ‘கேட்டுக்கு வெளியே’ என்று ஒரு பழைய படம், ஓடவே இல்லை, ஆனால் அதிலுள்ள காமெடியை மட்டும் டி.வி.யில் இன்றைக்கும் போடுகிறார்கள். இருளப்பன் ஒரு அடுக்குமாடி வீட்டு வாட்ச்மேன். யாரோ கூப்பிடுகிற மாதிரி அவனுக்குக் கேட்கும், தொப்பியைப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறக்க ஓடுவான், வெளியே ஒரு நாய் நிற்கும். நாய்க்கு சல்யூட் அடிப்பான். அதைக் கண்டுகொண்ட ஃப்ளாட் பிள்ளைகள் மாடியிலிருந்து ஒளிந்து கூப்பிடுவார்கள். ஆக அவனுக்கு எது உள்குரல் எது பிள்ளைகள் என்று தெரியாது, பார்க்கிற நமக்கும் தெரியாது, நாம் சிரித்துக்கொண்டே இருப்போம். இடைவேளைக்கு முன்னால் அவன் டாக்டரிடம் போகிறான். "உன் பேரு அவ்வளவு நல்லா இருக்குய்யா, அதான் ஊரே கூப்பிடுது" என்கிறார் டாக்டர். "இனிமே கூப்பிட்டா ரெண்டு காதையும் பொத்திக்க, சரியாப் போயிடும்." தியேட்டர் குலுங்கச் சிரிப்பு வரவேண்டிய இடம். படக் கடைசியில் எல்லாரும் கல்யாணத்துக்குப் போன ஒரு மத்தியானம், இரண்டாம் மாடிக் குட்டிப் பெண் மூடி சரியாகப் போடாத தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிடுகிறாள். இருளப்பா, இருளப்பா என்று கூப்பிடுகிறாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து ரெண்டு காதையும் பொத்திக்கொள்கிறான். முகத்தில் ஒரு சிரிப்பு, டாக்டர் சொன்னபடி செய்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று. அந்தச் சிரிப்பை ஹாஸ்டலில் லேப்டாப்பில் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் படுத்தால் தூக்கம் எங்கே வரும். அவனை நோயாளி என்கிறது புத்தகம். சரி, நோயாளிதான். அவன் போய்ச் சொன்னானே, சொன்னவனைச் சிரித்து அனுப்பினார்களே, அதற்கு எந்தப் பக்கத்தில் பெயர் போட்டிருக்கிறது.

நானும் சொன்னேன். திங்கட்கிழமை மேடத்தின் அறைக் கதவைத் தட்டினேன். வசுமதி மேடம் நல்லவர், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை, ஃபீஸ் கட்டாத பிள்ளைக்காக ஆபீசில் போய்ச் சண்டை போடுகிறவர். உட்காரச் சொன்னார். யாரோ என்னைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கு மேடம் என்றேன். எவ்வளவு நாள் ஒத்திகை பார்த்த வாக்கியம், வெளியே வந்தபோது கடையில் சில்லறை கேட்கிற மாதிரி இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கேலியாக இல்லை, அன்பாகத்தான். "ஒவ்வொரு பேட்ச்லயும் ஒருத்தி வந்து இப்படி நிப்பா சங்கவி. மெடிக்கல் காலேஜ்ல ஹார்ட் பத்திப் படிக்கிறப்போ எல்லாப் பிள்ளைக்கும் நெஞ்சு வலிக்கும். நமக்கு இந்தப் பேப்பர் படிக்கிறப்போ எல்லாக் கோளாறும் வரும். நானே என் காலத்துல எனக்கு எல்லாமே இருக்குன்னு அழுதிருக்கேன். பேப்பர் முடிஞ்சா போயிடும், போ." டப்பாவைத் திறந்து உப்பு பிஸ்கட் ரெண்டு எடுத்து நாப்கினில் வைத்துக் கொடுத்தார். நான் அங்கேயே உட்கார்ந்து தின்றேன். தின்னும்போது, ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்று அப்படி ஒரு நிம்மதி. வராண்டாவுக்கு வந்து நாலு எட்டு வைத்ததும் சங்கவி என்றது. முதன்முதலாக அந்தப் பெயரைச் சொன்னது அப்போதுதான். மேடம்தான் கூப்பிடுகிறாராக்கும், வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்கப் போகிறாராக்கும் என்று ஓடினேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவர் ஃபோனில் யாரிடமோ மீன் என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமாவைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டாரோ. சொல்லியிருந்தால் அம்மாவுக்கு ஃபோன் போயிருக்கும். அம்மா அலறிக்கொண்டு வருவாள், படிப்பு போகும், கயிறு வரும், கோயில் வரும், பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஒரு பொய் வரும், மஞ்சள்காமாலை என்பார்கள். பிறகு நானும் பட்டுச்சேலைக்கு அடியில் ஒரு படம். இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகலாம், மாத்திரை இருக்கிறது, சீக்கிரம் போனால் சரியாகும், அதைத்தானே இங்கே நாள் முழுக்கப் படிக்கிறேன், பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். மற்றவர்களுக்கு எழுதினது. எனக்கென்று வரும்போது கால் எழும்ப மாட்டேன் என்கிறது. தனியாகப் போய் அந்த வாசலில் நிற்க முடியாது, யாராவது ஒருவர் கூட வரவேண்டும், ஒரே ஒருவர். ஜெபராணியிடம் சொல்லலாம். அவள் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுவாள், அழுவாள், அவளுக்கு வருகிற அழுகையைத் தேற்றுவது என் வேலையாகிவிடும். இன்று யாராவது கண்டுபிடித்துவிட வேண்டும். கண்டுபிடித்துவிடவும் கூடாது. முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாருக்கும் நோயைப் பார்த்ததும் பெயர் சொல்லத் தெரியும், ஒருத்தருக்கு என்னைத் தெரியவில்லை. சங்கவி. இதோ. ஜெபராணி கோடு போடுகிறாள். இசக்கிராஜா போர்டை அழிக்கிறான், சாக்பீஸ் தூசி ஜன்னல் வெயிலில் மிதக்கிறது. பின்னால் ரெண்டு பேர் செல்ஃபோனுக்குள் குனிந்திருக்கிறார்கள். யாரும் அசையவில்லை, ஆகவே இல்லை. சங்கவி. கொஞ்சம் சத்தமாக. மேடம் குனிந்துகொண்டு இருக்கிறார், வாய் தெரியவில்லை. மூன்றாவது மட்டம் வரட்டும். மனுசன் என்றால் மூன்றாவதும் வரும். வா, கூப்பிடு, நான் காத்துக்கொண்டிருக்கிறேன். வரவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு விடுகிறேன். மேடத்தின் பேனா குறுக்கே இழுபடுவது கேட்கிறது.

"அடுத்து மகிழ்நன்" என்கிறார் மேடம். ஜெபராணி இப்போதுதான் தலையைத் தூக்கி, "ஏட்டி, ஒன்னயதான கூப்ட்டாங்க, என்ன கல்லு மாதிரி இருக்க?" என்கிறாள். வகுப்பு முழுதும் என்னைப் பார்க்கிறது. ஆக அது மேடம். நான் என்னை வைத்துச் செய்த பரிசோதனையில் மேடமே பொய்யாகிவிட்டார். காதைப் பொத்திக்கொண்டு சிரித்தவன் நான்தான். "என்னம்மா, சாப்பாடு பலமா? ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு" என்கிறார் மேடம். எல்லாரும் சிரிக்கிறார்கள். "சரி வா, கோட்டை அழிச்சுக்கலாம்." நடக்கிறேன். பெஞ்சுகளுக்கு நடுவில் இருக்கிற வழி எனக்குத் தெரிந்து இவ்வளவு நீளம் கிடையாது. பென் டிரைவைச் செருகுகிறேன், ரெண்டு தடவை தப்பிப் போய் மூன்றாவதில் உள்ளே போகிறது.

என் குரல் நன்றாகத்தான் வருகிறது, அதுதான் ஆச்சரியம். பெயர் இருளப்பன், வயது நாற்பதுக்கு மேல், தனியாள், படிப்பு குறைவு, வேலையில் நேர்மை. டாக்டர் சீனைப் போடுகிறேன். உன் பேரு அவ்வளவு நல்லா இருக்குய்யா. வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கிறது, மேடமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். தொட்டி சீனைப் போடுகிறேன். ஃபேன் முனகுவது மட்டும் கேட்கிறது. ஜெபராணி மூக்கை உறிஞ்சுகிறாள். இல்லாத குரல் கேட்பது, எத்தனை மாதமாக, அதனால் வேலை எப்படிக் கெட்டது, எல்லாம் சொல்கிறேன். குடும்பத்தில் யாருக்காவது என்ற இடத்துக்கு வந்து, படத்தில் காட்டவில்லை என்று சொல்லிவிட்டுத் தாண்டுகிறேன். இசக்கிராஜா கையைத் தூக்குகிறான். "இது பொய்க் குரலுன்னு அவனுக்கே பாதி தெரியுதுல்லா? தெரிஞ்ச ஆளு ஒரு மனுசன்கிட்டப் போயி ஒழுங்காச் சொல்ல வேண்டியதுதான? அவன் மேலதான தப்பு." மேடம் தலையை ஆட்டுகிறார். "நல்ல பாயின்ட். சொல்லு சங்கவி."

"சொன்னானே" என்கிறேன். "போய்ச் சொன்னானே. கதவைத் தட்டி, உள்ள வரலாமான்னு கேட்டு, உக்காந்து, யாரோ கூப்பிடற மாதிரி இருக்குன்னு சொன்னான். ரொம்ப நாள் யோசிச்சு வச்சிருந்து சொன்னான். சிரிச்சாங்க. அன்பாத்தான் சிரிச்சாங்க. எல்லாருக்கும் வர்றதுதான், போயிடும்னாங்க. உப்பு பிஸ்கட் குடுத்தாங்க. அதைத் தின்னுட்டு வெளிய வந்துட்டான். இதுக்கு மேல எப்படி ஒழுங்காச் சொல்றது?"

"எந்தப் படத்துல ட்டி பிஸ்கட் வருது?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, நாலு பேர் சிரிக்கிறார்கள். மேடமும் சிரிப்போடுதான் ஆரம்பிக்கிறார். "பிஸ்கட் எங்கம்மா..." அப்படியே நின்றுவிட்டது. பேனாவை மேசையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது, அவர் குனியவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை இப்படிப் பார்க்கவில்லை. "சங்கவி" என்றார். நான் வகுப்பைப் பார்த்தேன். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியிருந்தது, ஜெபராணியின் தலைகூட. இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஒருமுறை தவறியாகிவிட்டது. "சங்கவி." நான் அசையவில்லை. இதோடு ரெண்டு. ரெண்டோடு அவர் நிறுத்திவிடுவார், எனக்குத் தெரியும், கோடு போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார், அதுதான் அவர் வழக்கம். என் கை ரெண்டும் தானாகக் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்காலி பின்னுக்கு நகர்கிற சத்தம். மேடம் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார், பேனாவை மிதித்துக்கொண்டே வந்தார், பாதி வழியில் இருந்த என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அவர் கை குளிர்ந்துபோய் இருந்தது. முகத்தை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, மூன்றாவது தடவையாக என் பெயரைச் சொன்னார்.

"ஏன்?" என்று கேட்டேன்.